மலரில் உன்னைப் பற்றி நான் எழுதிய ஒரு வரி

மகன்,

வன்கூவரில் மழை விடவில்லை என்று போன ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். இங்கே மொன்றியலில் பனி. நீ போன பிறகு வாசல் படியில் விழுகிற பனியை அள்ள அப்பாவுக்கும் எனக்கும் முழுசாக ஒரு மணித்தியாலம் பிடிக்கிறது. நீ பத்து நிமிஷத்தில் அள்ளி முடித்துவிட்டு, தேத்தண்ணி குடிக்காமலே வேலைக்கு ஓடுவாய். அதை அப்போது நான் ஒரு வேலையாகவே நினைத்ததில்லை. நீ செய்த பல வேலைகளை அப்படித்தான் நினைக்காமல் விட்டேன்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதவில்லை. எங்கள் பழைய மாணவிகள் சங்கத்தின் இந்த ஆண்டு மலரில் நாலு பக்கம் பிடித்து வைத்திருக்கிறேன். செயலாளர் நான்தானே, பக்கம் பிடிக்க ஆரிடமும் கேட்கத் தேவையில்லை. முன்பு அதே மலரில் உன்னைப் பற்றி ஒரு வரி எழுதினேன். அது பொய். அதை வாசித்த முந்நூறு பேரும் இதையும் வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் அச்சகத்துக்குக் கொடுக்க முதல் நீ இதைக் கேட்க வேண்டும். நீ வேண்டாம் என்றால் நாலு பக்கத்துக்கும் சேலைக்கடை விளம்பரம் போட்டுவிடுவேன்.

உனக்குத் தெரியும், சின்ன வயதில் நான் புத்தகப் பூச்சி. மட்டக்களப்பில் மற்றப் பிள்ளைகள் இடைவேளைக்கு வெளியே ஓட, நான் நூலகத்து அலுமாரிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பேன். தெரியாத சொற்களை எழுதி வைக்கத் தனியாக ஒரு கொப்பி வைத்திருந்தேன். உயர்தரப் பரீட்சை எழுத முதல் நாடு குழம்பியது, கம்பஸ் படிப்பு என்பது எனக்கு இல்லாமலே போனது. நாற்பத்தைந்து வயதில் மொன்றியலில் பிரெஞ்சு வகுப்புக்குப் போனபோதும் முன் வாங்கில்தான் இருந்தேன். "அம்மா, நீங்க கொப்பிக்கு உறையும் போடுவீங்க போல" என்று நீ பகிடி பண்ணினாய். நான் ஏற்கெனவே உறை போட்டிருந்தேன், உனக்குக் காட்டவில்லை.

அந்தக் காலத்தில்தான் ரொக்ஸ்பரோவில், ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், மிஸிஸ் ஹோல்டின் வீட்டுக்கு வாரத்தில் மூன்று நாள் வேலைக்குப் போனேன். எண்பது தாண்டியவர், தனியாக இருந்தார், கண்பார்வை மங்கிக்கொண்டு வந்தது. வீடு துடைத்துச் சமைத்து முடிந்ததும் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவர் வாசிக்கச் சொன்னது பத்திரிகை இல்லை, ஒரு மரப்பெட்டி நிறைய இருந்த மண்ணிறப் புத்தகங்கள். அவருடைய அப்பா, முதல் உலகப்போருக்கு முந்திய ஆண்டுகளில், எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவருடைய வகுப்பின் புத்தகங்கள் அவை. முதலாவது, அவர்கள் பட்டம் பெற்ற ஆண்டில் அச்சடித்தது. ஒவ்வொரு பையனுக்கும் ஒரு படம், உயர்ந்த கொலர், நடுவகிடு. கீழே ஊர், பட்டப்பெயர், நாலு வரி கேலி. முதலாம் ஆண்டுக்காரர் எல்லாரும் சின்னப் பச்சைத் தொப்பி ஒன்று போட வேண்டுமாம், புல்லில் கால் வைக்கக் கூடாதாம், ஆண்டு முடிவில் தொப்பிகளைக் குவித்து நெருப்பு வைப்பார்களாம். இரண்டாம் ஆண்டுக்காரரோடு ஆற்றுக்குக் குறுக்கே கயிறு இழுத்து, தோற்றவர்கள் எல்லாரும் தண்ணீருக்குள். படிப்புச் செலவுக்குச் சிலர் சாப்பாட்டு விடுதியில் கோப்பை கழுவினார்கள், சிலர் பேராசிரியர்களின் வீட்டு அடுப்புக்குக் கரி அள்ளினார்கள். கோப்பை கழுவியவனைக் கேலி செய்த வரியில்கூட ஒரு மரியாதை இருந்தது. இதையெல்லாம் நான் அகராதி பார்த்துப் பார்த்து என் கொப்பியில் எழுதிக்கொண்டேன். எனக்குக் கிடைக்காத கம்பஸை ஆரோ தொண்ணூறு வருஷம் பிந்தி எனக்குத் தபாலில் அனுப்பியது போல இருந்தது.

மிஸிஸ் ஹோல்டின் அப்பாவுக்கு வகுப்பில் 'கவர்னர்' என்று பட்டப்பெயர். விவாதச் சங்கத்தில் அவரை வெல்ல ஆள் இல்லையாம், ஒருநாள் ஒரு மாநிலத்தையே ஆள்வார் என்று எல்லாரும் நம்பினார்களாம். படித்து முடித்த பிறகு, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வகுப்புச் செயலாளர் எல்லாருக்கும் ஒரு படிவம் அனுப்புவார்: என்ன வேலை, எந்த ஊர், என்ன பதவி, எத்தனை பிள்ளைகள். பதில் போடாதவர்களுக்கு மூன்று தபாலட்டை போகும். அதற்கும் பதில் இல்லையென்றால் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 'முகவரி தெரியாதவர்கள்' என்ற பட்டியலில் பெயர் வரும். அந்தப் பட்டியலுக்குள் போக வெட்கப்பட்டுத்தான் கவர்னர் முதல் தடவை 'மரத் தொழிலில் இருக்கிறேன்' என்று எழுதினார். அது பொய் இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம், கியூபெக்கில், ஒரு மரம் அரியும் ஆலையின் முற்றத்தில் பலகை எண்ணிக் கணக்கு எழுதுகிற கிளாக்கர் அவர். அடுத்த புத்தகத்தில் அது 'ஆலை ஒன்றை நடத்துகிறார்' என்று வந்தது. அதற்கடுத்ததில் 'சொந்த ஆலை'. "அப்பா எழுதியது பாதிதான்" என்றார் மிஸிஸ் ஹோல்ட். "மிச்சத்தை அவர் மேல் இருந்த ஆசையில் செயலாளர் எழுதினார். அப்பா திருத்தவில்லை."

மிஸிஸ் ஹோல்டுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது அந்த வகுப்பின் பெரிய ஒன்றுகூடல் வந்தது. புது வெள்ளைச் சட்டை தைத்து, ரயிலில் அப்பாவோடு போனாராம். பல்கலைக்கழகத்து வீதியில் வகுப்பு வகுப்பாக ஊர்வலம், வயதில் மூத்த வகுப்பு முன்னால், ஆண்டு எழுதிய பதாகையும் தகர ஊதுகுழலுமாக. வழுக்கை விழுந்த ஆட்கள் புதிதாகத் தைத்த பச்சைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு சின்னப் பிள்ளைகள் போலக் குதித்தார்களாம். பிறகு கூடாரத்தில் சாப்பாடு. செயலாளர் இவரைத் தூக்கி ஒரு கதிரையில் நிறுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி, "கவர்னரின் மகளே, உன் அப்பாவின் ஆலையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?" என்று கேட்டாராம். இவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா கையில் பிடித்திருந்த தொப்பிக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். "நாற்பது" என்றார் இவர். அப்பா பலகை எண்ணிய ஆலையில் அத்தனை பேர்தான். எல்லாரும் கைதட்டினார்கள். திரும்பி வரும் ரயிலில் அப்பா ஒரு தோடம்பழம் உரித்துக் கொடுத்தார். அவர் சாகும்வரை அந்த நாற்பதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. "பொய் சொன்னதற்காக நான் அவரோடு கோபிக்கவில்லை" என்றார் மிஸிஸ் ஹோல்ட். "தொப்பிக்குள் பார்த்தாரே, அதற்குத்தான்."

அன்று பின்னேரம் சோறு போடும்போது இந்தக் கதையை உனக்கும் அப்பாவுக்கும் சொன்னேன். நீ கை காயக் காயக் கேட்டுக்கொண்டிருந்தாய். "நாப்பது எண்டு சொல்ல அவவுக்கு எப்பிடி வந்தது?" என்று கேட்டாய். "அப்பாவைக் காப்பாத்தத்தான்" என்றேன். நீ "பாவம்" என்றாய். அப்பாவையா மகளையா என்று சொல்லவில்லை.

அந்த வகுப்புப் புத்தகங்கள் என்னைச் சும்மா விடவில்லை. எங்கள் சங்கக் கூட்டத்தில், நாங்களும் மலரில் அப்படி ஒரு பகுதி போடுவோம், ஒவ்வொரு பழைய மாணவியும் தன்னைப் பற்றிப் பத்து வரி எழுதட்டும் என்றேன். தலைவி சுகந்தி அன்ரியை உனக்குத் தெரியும், என்னோடு ஒரே வகுப்பில் படித்தவ, இன்னும் ஊர்ப் பேச்சில் 'கா' போட்டுத்தான் கதைப்பா. "நம்மட ஆக்கள் ரெண்டு வரி எழுதவே ரெண்டு மாசம் எடுப்பாளுகள் கா" என்றா. மூன்று தரம் போன் எடுப்போம் என்றேன். "அதுக்கும் எழுதாட்டி?" என்றா. "முகவரி தெரியாதவர்கள் எண்டு போடுவம்" என்றேன். அவ சிரித்துச் சிரித்து இருமினா. "பக்கத்துத் தெருவில இருக்கிறவளை முகவரி தெரியாதவள் எண்டு போட்டா அடிக்க வருவாள் கா!" பயந்தோ என்னவோ எல்லாரும் எழுதினார்கள். தன்னைப் பற்றி ஒரு வரி, பிள்ளைகளைப் பற்றி ஒன்பது வரி. இன்னார் மருத்துவம், இன்னார் சட்டம், இன்னார் பொறியியல். அமெரிக்கர்களின் படிவத்தில் பிள்ளைகளுக்கு எண்ணிக்கை மட்டும்தான் கேட்டிருந்தார்கள். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்ற கேள்வியைச் சேர்த்தது நான்.

படிவங்கள் வந்துகொண்டிருந்த அந்தத் தை மாதத்தில்தான் ஒரு காலை நீ குசினிக்குள் வந்தாய். "அம்மா, நான் கம்பஸுக்குப் போகேல்ல. மூண்டு கிழமையாப் போகேல்ல. துறைமுகத்தில வேலை எடுத்திட்டன்" என்றாய். கப்பலில் ஏற்றும் கொள்கலன்கள் அசையாமல் இரும்புக் கம்பி போட்டு இறுக்குகிற வேலை என்று கையால் இறுக்கியும் காட்டினாய். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஆருக்கும் சொல்லாத" என்றேன். அதுதான் என் வாயில் முதல் வந்தது. ஏன் விட்டாய் என்று கேட்கவில்லை. அந்த மூன்று வாரமும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு எங்கே போனாய், குளிரில் எங்கே இருந்தாய், எங்கே சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை. நீ இறுக்கிக் காட்டிய கையைக் கீழே இறக்கினாய். பிறகு "சரி அம்மா" என்று சொல்லிவிட்டுப் பூட்ஸைப் போட்டுக்கொண்டாய்.

என் படிவம் மட்டும் நிரப்பாமல் மேசையில் கிடந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, "உள்ளதை எழுது, இல்லாட்டி அந்த இடத்தை வெறுமையா விடு" என்றார். மனிதர் வருஷத்துக்கு ஒருதரம் புத்தி சொல்கிறவர், நான் கேட்டிருக்கலாம். 'மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறார்' என்று எழுதினேன். அடுத்த ஆண்டு நீ திரும்பப் போய்விடுவாய், அப்போது அது உண்மையாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதே கிழமை பிரெஞ்சு வகுப்பில் குடும்பத்தைப் பற்றி வாக்கியம் எழுதச் சொன்னார்கள். 'என் மகன் பொறியியலாளர்' என்று பிழையில்லாமல் எழுதி ஆசிரியையிடம் 'பிராவோ' வாங்கினேன். மிஸிஸ் ஹோல்டின் கதையைக் கேட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவருடைய அப்பாவைப் பற்றி எனக்குள் எவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொன்னேன் என்பதும் நினைவிருந்தது. ஆனாலும் எழுதினேன்.

அதற்கடுத்த ஆண்டு, பட்டப்படிப்பு முடித்த பிள்ளைகளை ஆண்டு விழாவில் மேடைக்கு அழைத்துக் கேடயம் கொடுப்பது என்று சங்கம் முடிவெடுத்தது. சுகந்தி பழைய மலரைப் பார்த்துப் பட்டியல் போட்டா. போன வருஷம் மூன்றாம் ஆண்டு என்றால் இந்த வருஷம் முடித்திருப்பான்தானே. விழா நாள் காலை பட்டியல் என் கைக்கு வந்தது. ஏழாவது உன் பெயர். சிவப்புப் பேனை கையில் இருந்தது. ஒரு கோடு இழுக்க எவ்வளவு நேரம்? நீ ஒருநாளும் சங்க விழாவுக்கு வந்ததில்லை. வராதவரின் கேடயத்தை அம்மா வாங்கி அலுமாரிக்குள் வைத்தால் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அச்சகம் கிழக்குப் பக்கம், உன் வேலைக்குப் போகிற வழியில் என்று, மலர்ப் பெட்டிகளை எடுத்துவரச் சொல்லி முதல் நாள் உன்னிடம் கேட்டதும் நான்தான். அப்பாவிடம் கொடு, அவர் கொண்டுவருவார் என்றும் சொல்லியிருந்தேன். அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், புரோசார்டில் மண்டபம், மதிய விருந்து. நீ இரண்டு பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு பின்கதவால் வந்தாய், வேலைக்குப் போடுகிற செம்மஞ்சள் ஜக்கெற்றோடும் இரும்பு நுனி வைத்த பூட்ஸோடும். அந்த நேரம் பார்த்து ஏழாவது பெயரை வாசித்தார்கள். "ஆ, அங்க நிக்கிறார், வாங்க தம்பி!" என்று சுகந்தி ஒலிவாங்கியில் கூப்பிட்டா. முந்நூறு பேர் திரும்பினார்கள். நீ பெட்டிகளை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, மண்டபத்தின் மற்ற முனையில் மேசையில் இருந்த என்னைப் பார்த்தாய். நான் என் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தேன். மகன், இதை எழுத எனக்கு இவ்வளவு நாள் எடுத்தது. நான் பட்டியலைப் பார்த்தேன்.

நீ மேடைக்குப் போகும் பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்டது. பிரதம விருந்தினர் சென்னைக்காரர், இங்கே நெடுங்காலம் படிப்பித்த பேராசிரியர், நல்ல மனிதர். "என்ன பிரான்ச்ப்பா நீ?" என்று கேட்டார். "சிவில், சேர்" என்றாய். உன் ஜக்கெற்றைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாருங்க, சைட்ல இருந்து நேரா மேடைக்கே வந்துட்டார்! இதுதாங்க உழைப்பு!" என்றார். கைதட்டல் எல்லாப் பிள்ளைகளையும்விட உனக்குத்தான் கூட. என்னோடு மேசையில் இருந்தவர்கள் என் தோளைத் தட்டினார்கள். நீ எல்லாருக்கும் தலையைக் குனிந்து நன்றி சொன்னாய், மீதிப் பெட்டிகளையும் கொண்டுவந்து அடுக்கினாய்.

விழா முடிய நீதான் என்னைக் காரில் கூட்டிவந்தாய். கேடயத்தை என் மடியில் வைத்தாய். பாலத்தில் ஏறியபோது தூரத்தில் துறைமுகப் பக்கம் பாரந்தூக்கிகள் தெரிந்தன. நான் ஏதோ கறிக்கு உப்பு கூடிவிட்டது என்று பேசத் தொடங்கினேன். "நாப்பது, அம்மா" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. நான் அன்றும் அதைப் பற்றிப் பேசவில்லை, அடுத்த நாளும் பேசவில்லை. ஒரு தோடம்பழம்கூட உரித்துத் தரவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை மிஸிஸ் ஹோல்ட் "உங்கள் விழா எப்படி நடந்தது?" என்று கேட்டார். "நன்றாக நடந்தது" என்றேன். உலகத்திலேயே இதைச் சொல்லி அழக்கூடிய ஒரே மனுஷி அவர்தான், அவரிடமும் சொல்லவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அவர் இறந்துபோனார். அதற்கு முதலே, ஐப்பசியில், நீ வன்கூவர் துறைமுகத்துக்கு மாற்றம் எடுத்துக்கொண்டு போனாய். விமான நிலையத்தில் கட்டிப்பிடித்தபோது சொல்ல நினைத்தேன். சாப்பாட்டுப் பெட்டியில் கட்லட் இருக்கிறது என்று சொன்னேன்.

புத்தி சொல்ல எனக்கு இப்போது உரிமை குறைவு. இருந்தாலும் அம்மாதானே. உனக்கும் ஒருநாள் பிள்ளை வரும். அது ஒருநாள் பாரமான செய்தியோடு உன் முன்னால் வந்து நின்றால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, முதலில் ஒரு கதிரையை இழுத்துப் போடு. அது ஆருக்குத் தெரியும், ஆருக்குத் தெரியாது என்ற கணக்கை நாளைக்குப் பார்க்கலாம். உன்னைப் பற்றி எழுதச் சொல்லி எங்கிருந்தாவது ஒரு படிவம் வந்தால், வெறுமையாக விடக்கூடிய இடத்தை வெறுமையாக விடு. முகவரி தெரியாதவர்கள் என்று போட்டால் போடட்டும். உன் முகவரி எனக்குத் தெரியும்.

இதுவரை எழுதியதை நேற்று உனக்குத் தொலைபேசியில் வாசித்தேன். தொலைபேசி அழைப்பு அட்டையில் நிமிஷம் முடிந்துவிட்டதோ என்று இடையில் இரண்டு தரம் "ஹலோ" சொன்னேன். நான் வாசித்ததில், கடைசியாக இன்னொரு வரி இருந்தது: 'நீ திரும்பிப் படிக்க இன்னும் காலம் இருக்கிறது.' நீ "போடுங்க அம்மா. அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்திடுங்க" என்றாய். எடுத்துவிட்டேன். பிறகுதான், மூன்று வருஷம் பிந்தி, "ஏன் மகன் விட்டனீ?" என்று கேட்டேன். "இப்பவா கேக்கிறீங்க?" என்று சிரித்தாய். ஆனால் சொன்னாய், அட்டையில் இருந்த நிமிஷம் எல்லாம் முடியும்வரை சொன்னாய். அது மலருக்கு இல்லை.

இன்று காலை என் படிவத்தையும், இதுவரை எழுதிய இந்தக் கடிதத்தையும் சுகந்தியிடம் கொடுத்தேன். அவ கடிதத்தை நின்றபடியே வாசித்தா, கண்ணைத் துடைத்தா, பிறகு படிவத்தை எடுத்தா. பிள்ளைகள் என்ற இடத்தில், 'ஒரு மகன். வன்கூவர் துறைமுகத்தில் கொள்கலன் கட்டும் தொழிலாளி' என்று எழுதியிருந்தேன். அந்த வரியில் விரலை வைத்தா. "சூப்பர்வைசர் எண்டாவது போடுவமே கா" என்றா மெல்ல. அவ கெட்டவ இல்லை, உன் மேல் இருக்கிற ஆசையில்தான் கேட்டா. நான் அவவின் முகத்தை நேரே பார்த்து, "ஒரு எழுத்தும் கூட்டாத" என்றேன்.

அம்மா